நாலு பக்கமும் கடல்

அவர் வீடு எங்கே என்று யார் கேட்டாலும் தெருப்பெயரைச் சொல்ல மாட்டார். "மாவு மில்லுக்குத் தெக்க, தண்ணித் தொட்டிக்கு வடக்க, பொதுச் சந்துக்கு மேக்க, தையக்காரரு வீட்டுக்குக் கெழக்க" என்பார். கேட்டவர் திசை தெரியாமல் சுற்றுமுற்றும் பார்ப்பார். நான் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, பச்சை கேட் போட்ட வீடு என்று சொல்லி அனுப்பிவைப்பேன். அதில் அவருக்குக் கோபம் வரும். "கேட்டுக்கு நாளைக்கு வேற பெயிண்டு அடிச்சிருவாங்க மாப்ள. எல்லை அப்படியா?" என்பார்.

அவர் பத்திரம் எழுதுகிறவர். மதுரை காளவாசலில் என் ஜெராக்ஸ் கடை வாசலில், ஷட்டருக்கு ஓரமாக அவருடைய மேசை. அவர் கையால் எழுதித் தருவதை நான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பேன். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு சின்ன டப்பாவில் கிராம்பு. பேசும்போதெல்லாம் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்தப் பக்கம் நிலம் வாங்கியவர்கள், விற்றவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு பாட்டில் குறுக்கே நிற்கிறது. கடல் தாண்டிப் போன இடத்தில் அவர் வாங்கிய ஒரு பாட்டில் சாராயம். அதில் இருந்ததை யார் குடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதே அறையில்தான் நானும் இருந்தேன் என்பதுதான் இதில் கேவலம்.

எல்லை பார்ப்பது அவருக்குத் தொழிலில் மட்டும் இல்லை. மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தால் சாம்பார் ரசத்தோடு சேரக் கூடாது என்று நடுவில் சோற்றால் அணை கட்டுவார். கூட்டமான பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முழங்கை இடித்தால், சீட்டில் ஒரு தையலைத் தொட்டுக் காட்டி, "இது வரைக்கும் நீங்க" என்பார். சண்டைக்காக அல்ல. அவருக்கு அது தெரிந்தால் நிம்மதி, அம்புட்டுத்தான்.

பத்திரத்துக்குச் சாட்சி தேவைப்படும்போது என்னைக் கூப்பிடுவார். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை கடையில் கூட்டம். ஒரு பெரியவர் கையெழுத்துப் போட்டபோது நான் மெஷினில் சிக்கிய பேப்பரைக் குனிந்து உருவிக்கொண்டிருந்தேன். பிறகு போய்ச் சாட்சி இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அவர் நிமிர்ந்து, "பாத்தியா?" என்று கேட்டார். இதில் என்ன இருக்கிறது, அவர்தானே போட்டார் என்றேன். அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்தார். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்ட பெரியவரை இறங்க வைத்து, புதிதாகப் பக்கம் அடிக்கச் சொல்லி, என்னை எதிரில் நிறுத்தி, மறுபடியும் போட வைத்தார். பெரியவர் என்னைத்தான் திட்டினார்.

"பாக்காததுக்குச் சாட்சி சொல்லாத மாப்ள. அது ஒரு நாள் இல்ல ஒரு நாளு ஒன்னத் தேடி வரும்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் குடிக்கவும் செய்தார். அதிலும் ஒரு கணக்கு. மாநகராட்சி எல்லைக்குள் குடிப்பதில்லை. பிள்ளை படிக்கிற ஊர், நாலு பேர் மதிக்கிற ஊர், அதனால் ஊருக்குள் கூடாது என்று அவரே வைத்துக்கொண்ட சட்டம். எல்லை முடிகிற இடத்தில் ஒரு கடையைப் பிடித்து வைத்திருந்தார். பிறகு மாநகராட்சியை விரித்தார்கள். அந்தக் கடை ஊருக்குள் வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். இவர் நியாயஸ்தர் ஆயிற்றே, அங்கே குடிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டு இன்னும் மேற்கே நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போக ஆரம்பித்தார். தூரம் கூடியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிற தூரமும் சேர்ந்தே கூடியது. அது மட்டும் அவர் எழுதிய சட்டத்தில் இல்லை.

ஒரு நாள் மதியம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகவில்லை. அவர் மனைவி கடைக்கு ஓடி வந்தார். இரண்டு பேரும் என் வண்டியில் தேடிப் போனோம். புதுக்கோட்டை தாண்டி, ரோட்டோரப் பள்ளத்தில் கருவேலஞ்செடிக்குள் வண்டியும் அவருமாகக் கிடந்தார். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "இது பஞ்சாயத்து எல்லைதான் மாப்ள" என்றார். சிரிப்பதா அடிப்பதா என்று எனக்குப் புரியவில்லை. அவர் மனைவி இரண்டும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டு, தையல் பிரித்த அன்றே அவரைக் கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப் போனார்.

குடியை விடுகிறவர்களுக்கு அங்கே கறுப்புக் கயிறு கட்டுவார்கள். ஒரு வருடம், மூன்று வருடம், ஆயுசு என்று மூன்று வகை. இவர் மூன்று வருடத்துக்குப் பேசிப் பார்த்தார். அவர் மனைவி ஆயுசுக்கும் என்று சொல்லிவிட்டார். ஆயுசுக் கயிறு ஆள் போன பிறகுதான் கோயிலுக்குத் திரும்பி வரும் என்று பூசாரி விளக்கினார். சத்தியத்தைக் காப்பாற்றியவருடைய கயிற்றைக் குடும்பத்தார் கொண்டுவந்து அங்கிருக்கும் புளியமரத்தில் கட்டுவார்கள். தவறியவருடைய கயிறு எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வரவே கூடாது. கொண்டுவந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. மரத்தைப் பார்த்தேன். கயிறுகள் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை.

கயிறு கட்டி முடிந்ததும் இவர் வாயைச் சும்மா வைத்திருக்கலாம். பூசாரியிடம், "சாமிக்கு எல்லை எதுவரைக்கும்?" என்று கேட்டார். பூசாரி இதுவரை யாரும் கேட்காத கேள்வியில் குழம்பிப் போய், கண்மாய், வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் சுற்றிக் குதிரையில் வரும், மலையடிவாரம் வரைக்கும் காவல் என்று கையை நீட்டிக் காட்டினார். இவர் மனதுக்குள் குறித்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. அவர் மனைவியும் அதைப் பார்த்தார்.

ஆனால் நாலு வருடம் தொடவில்லை. அதை நான் பார்த்தேன், சாட்சி சொல்வேன். காளவாசலிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு கடை இருக்கிறது. ஒரு நாளும் போகவில்லை. கிராம்பு மட்டும் இரண்டு மடங்கானது.

இலங்கைக்குப் போகலாம் என்ற பேச்சை ஆரம்பித்தது என் மாமியார். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். மாமியார் அந்த மொழியில் ஒன்றைக் கேட்டால் கேட்டதுதான், மறுபேச்சுக் கிடையாது. கதிர்காமம் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் தெருக்காரர் ஒருவர் வருடா வருடம் ஆட்களைக் கூட்டிப் போவார். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து பஸ். துணைக்கு நான். இதைக் கேட்டுவிட்டு இவரும் வருகிறேன் என்றார்.

"ஒரு தீவப் பாத்துரணும் மாப்ள. நாலு பக்கமும் கடல்னு ஒரே வரியில எல்லைய எழுதி முடிச்சிரலாம். தகராறே இல்லாத சொத்து."

மகளுக்குப் பரீட்சை என்பதால் அவர் மனைவி வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் போகும்வரை நின்றார். பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"அண்ணே, சாமி எல்லை கடலுக்கு அங்கிட்டு செல்லாதுன்னு இவரு பொட்டி அடுக்கும்போதே சிரிச்சிக்கிட்டு சொல்றாரு. வெளாட்டுக்கா நெசமான்னு எனக்குத் தெரியல. அந்தக் கயிறு இருக்கப் போயித்தான் நான் இந்த வீட்ல இருக்கேன். ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய காரியம் ஒன்றைப் பொறுப்பெடுத்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

எங்கள் தெருக்காரர் பௌர்ணமி விசேஷம் என்று பார்த்துத் தேதி குறித்திருந்தார். அந்த நாட்டில் பௌர்ணமி அன்று சாராயக் கடை திறக்காது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கதிர்காமத்தில் சாமி கும்பிட்டு வந்ததும் பஸ்ஸில் பின் சீட்டுக்காரர்கள் முகம் தொங்கிப் போய்விட்டது. இவர் மட்டும் சந்தோஷப்பட்டார். அரசாங்கமே நாளுக்கு ஒரு எல்லை போட்டிருக்கிறதே என்று வியந்தார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் தெற்குக் கரையோரமாகவே பஸ் போனது. ஓரிடத்தில் தென்னந்தோப்புக்கு முன்னால் நிறுத்தினார்கள். மேலே மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தது. கள் இறக்குகிற ஒருவர் இடுப்பில் குடுவையோடு, கீழே ஒரு கயிற்றில் கால், மேலே ஒரு கயிற்றில் கை என்று ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் போட்டோ எடுத்தோம். இவர் எடுக்கவில்லை. வாயைத் திறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"மண்ணுல காலே வைக்கல பாத்தியா. கீழ எவன் நெலமா இருந்தா அவருக்கு என்ன?" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தன் மணிக்கட்டில் இருந்த கயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்.

அன்று மதியம் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கல். பெண்கள் எல்லோரும் சங்கு, சிப்பி வாங்கப் போனார்கள். இவர் ஒரு சந்துக்குள் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கம்பி போட்ட ஜன்னல் வைத்த சின்னக் கடை. உள்ளே இருந்தவர் தமிழ்க்காரர்தான். வெளிநாட்டு பாட்டில்களைக் காட்டினார். இவர் கையால் தள்ளிவிட்டார். இந்த மண்ணில் விளைந்தது எது என்று கேட்டார்.

"தென்னஞ்சாராயம் இருக்கு ஐயா. எங்கட நாட்டுச் சரக்கு. முழுப் போத்தலோ, அரையோ?" என்றார் கடைக்காரர்.

முழுசு என்றார். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லேபிளில் இருந்த விலாசம் வரை படித்தார். உள்ளே தேன் நிறம். நான் அவர் கையைப் பிடித்தேன். வேண்டாம் அண்ணே, நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

"வாங்கக் கூடாதுன்னு சாமி சொல்லலையே மாப்ள" என்றார்.

அறைக்கு வந்தோம். எங்கள் இருவருக்கும் ஒரே அறை. நல்ல மழை பிடித்துக்கொண்டது. அவர் பாட்டிலை மேசையில் வைத்தார். அலமாரியிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஏன் இரண்டு? அதை அன்றே கேட்டிருக்க வேண்டும். மூடியைத் திருகினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கருப்பசாமியின் நான்கு எல்லைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்த அறை அதற்குள் வரவில்லை என்று எனக்கு நிரூபித்தார். மலை, கண்மாய், வாய்க்கால், வண்டிப்பாதை. ஒரு பத்திரத்தில் எழுதுவது போலவே சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் குடிக்கவும் இல்லை, பாட்டிலை மூடவும் இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. பாட்டில் காலியாகிவிட்டால் அவர் எதைக் குடிப்பார்? கீழே கொட்டினால் இன்னொன்று வாங்கி வருவார். நான் குடித்துத் தீர்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என் தலையில். அப்படித்தான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். எனக்கும் எப்போதாவது ஒரு வாய் ஆசை உண்டு, வீட்டுக்குத் தெரியாது, மாமியார் பக்கத்தில் இல்லை என்பதெல்லாம் அந்தச் சமயத்தில் நினைவுக்கு வந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு டம்ளரில் முதல் தடவை நானே ஊற்றிக் குடித்தேன். தேங்காய் நாரும் வெல்லமும் கலந்த ஒரு வாசனை. இரண்டாவது தடவை அதிலேயே அவர் ஊற்றிக் கொடுத்தார். மூன்றாவது யார் ஊற்றியது என்று தெரியாது. மழை நின்றது நினைவில்லை.

விழித்தபோது விடிந்திருந்தது. பாட்டிலில் அடியில் ஒரு விரற்கடை மிச்சம். இரண்டு டம்ளர்களும் மேசையில் இருந்தன. அவர் குளித்துத் திருநீறு பூசி, அடுத்த கட்டிலில் உட்கார்ந்து கிராம்பு மென்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த பயத்தில், யாராவது வருவதற்குள் இரண்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டு போய்க் குழாயில் கழுவிக் கவிழ்த்தேன். கழுவிய பிறகுதான் உறைத்தது. நான் குடிக்காத அந்த இன்னொரு டம்ளரை ஒரு தடவை மோந்து பார்த்திருந்தால் போதும். அதற்கு மூளை இல்லாமல் போய்விட்டது.

"நேத்துப் பூராவும் ஒங்க பாஷையிலயே பேசுன மாப்ள. நான் எல்லாத்துக்கும் தலையாட்டுனேன்" என்றார். நான் என்ன கேட்டேன், அவர் எதற்குத் தலையாட்டினார், கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. என் மாமியார். கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலம். நேராக மேசையைப் பார்த்தார். பாட்டிலை எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். மாமியார் பார்வை பாட்டிலிலிருந்து என் மேல் வர ஆரம்பித்தது. பாதி வழியில் இவர் எழுந்து நின்றார்.

"வாங்குனது நான்மா" என்றார்.

அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னது சத்தியமான உண்மை. வாங்கியது அவர்தான். மாமியார் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் கையில் ஈரத்தோடு நின்றேன். குடித்தது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேனா என்றால், இல்லை.

பஸ் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் மதுரைக்குச் செய்தி போய்விட்டது. நாங்கள் வந்து இறங்கியபோது அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வில்லாபுரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர், "ஒங்கள நம்பித்தானண்ணே அனுப்புனேன்" என்று ஒரே வரி சொன்னார். சொல்லாமலே வெளியே வந்து வண்டியை எடுத்தேன். என் மருமகன் பச்சைத் தண்ணி தவிர ஒன்றும் தொடமாட்டார் என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

இரண்டு மாதம் கழித்து, மகள் கல்லூரி சேரும் சமயத்தில் அவர் மனைவி திரும்பி வந்தார். சமைத்து வைப்பார், பரிமாற மாட்டார். இவரே போட்டுச் சாப்பிட்டார். பேச்சு, வேண்டியதற்கு மட்டும். ஆனால் இவர் கயிற்றைக் கழற்றவில்லை. தவறியவன் எதற்குக் கயிற்றைக் கட்டிக்கொண்டு திரிகிறான் என்று தெருவில் பேசினார்கள். இவர் காதில் வாங்கவில்லை.

நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு முழு பாட்டிலை நான் ஒருவனே குடித்திருக்க முடியாது, வழக்கமில்லாத உடம்பு. அப்படியானால் அவர் குடித்தார். ஆனால் அன்று காலையில் அவர் செருப்பு நனைந்து, மணல் ஒட்டி இருந்தது. அப்படியானால் கடலுக்குப் போய்க் கொட்டியிருக்கிறார். ஆனால் கண் சிவந்திருந்தது. விடிய விடிய எனக்குக் காவல் இருந்தாலும் கண் சிவக்கும். வாயில் கிராம்பு வாசனை. அது எப்போதும் இருப்பதுதான். என்னைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றார் என்று சில நாள் நினைப்பேன், அப்போது அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும். எல்லாக் குடிகாரர்களையும் போல எல்லை பேசிக் குடித்துவிட்டுத்தான் வந்தார் என்று சில நாள் நினைப்பேன், அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் துணிந்து கேட்டே விட்டேன். "அண்ணே, அன்னைக்கி நீங்க குடிச்சீங்களா?"

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நீ பாத்தியா?"

"இல்லண்ணே."

"அப்ப விடு."

அதோடு நான்கெல்லையை எழுதப் போய்விட்டார்.

மூன்று வருடம் இப்படியே போனது. போன ஆடியில் ஒரு காலை, மேசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனது நான்தான். அந்தக் கயிறு என் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் எடுக்கிற நேரம். குளிப்பாட்டி முடித்து, உடம்பில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மோதிரம், அரைஞாண் கயிறு. மணிக்கட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். இதை என்ன செய்வது என்று ஒரு பெரியவர் கேட்டார். காப்பாற்றினார் என்றால் கோயிலுக்குப் போக வேண்டும். தவறினார் என்றால் நெருப்போடு போக வேண்டும். அங்கிருந்த எல்லோரும் பதில் தெரிந்தவர்கள் போலத் தலைமாட்டுப் பக்கம் பார்த்தார்கள். அவர் மனைவி அதுவரை அழாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர், கையில் கத்தரிக்கோலோடு கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"அண்ணே, நீங்கதான் கூட இருந்தீங்க. இதக் கோயிலுக்குக் கொண்டு போகவா, அவரோடயே விட்டுரவா?"

மூன்று வருடமாக நாக்கில் சுமந்தது வெளியே வந்தது. பெண்கள் பக்கம் என் மாமியார் நிற்பது தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன்.

"அன்னைக்கிக் குடிச்சது நான்தாம்மா."

பெரிய இடி விழும் என்று நினைத்தேன். ஒன்றும் விழவில்லை. அவர் முகம் மாறவே இல்லை.

"ஒங்களக் கேக்கலண்ணே. அவரு குடிச்சாரா?"

இத்தனை காலம் நான் ஒளித்து வைத்திருந்தது யாருக்குமே தேவைப்படாத ஒன்று. தேவைப்பட்டது என்னிடம் இல்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளர்தான் கண் முன்னால் வந்தது. படுத்திருந்தவரைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

"இல்லம்மா. அவரு குடிக்கல" என்றேன்.

"பாத்தீங்களா?"

அவர் மேசையில் கேட்கும் அதே கேள்வி, அதே இழுப்பு. வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார் போல.

"பாத்தேன்."

அவர் மனைவி கயிற்றைக் கத்தரித்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முந்தானையில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. மூன்று வருடமாகப் பேசாததையெல்லாம் அந்த முகத்தோடு பேச ஆரம்பித்தார். சோறு போடாமல் விட்டேனே என்று அவர் சொன்னபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பதினாறு கழிந்து, கண்மாய்க்கரைக்குப் போனோம். மகளும் அவர் மனைவியும் கயிற்றோடு உள்ளே போனார்கள். பூசாரி புளியமரத்தில் ஒரு கிளையை இழுத்துப் பிடித்தார். மகள் எக்கிக் கட்டினாள். நான் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். பூசாரி என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து திருநீறு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"இருக்கட்டும் சாமி, இங்கனயே நிக்கிறேன்" என்றேன்.